பெயரைச் சாப்பிடுகிறவர்கள்

தஞ்சாவூர்க்காரனுக்கு அரிசியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை இந்தச் சீமையில் இருக்கிறது. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போதே அந்த நம்பிக்கையையும் சேர்த்துப் பிசைந்து ஊட்டிவிடுகிறோம். கல்லணைக்குக் கீழே பிறந்தவன் ஒரு பருக்கையை நாக்கில் வைத்த மாத்திரத்தில் அது எந்த நெல், எந்தப் படுகை, எத்தனை மாதம் பத்தாயத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவான் என்று வெளியூரில் போய்ப் பெருமை அடித்துக்கொள்கிறோம். நானும் அடித்துக்கொண்டிருக்கிறேன். என் நாவல் ஒன்றில் ஒரு கிழவர் வடிகஞ்சியை முகர்ந்து பார்த்தே நெல்லின் பெயரைச் சொல்கிறார். அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வந்ததாகச் சில வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்.

அந்தக் கட்டம் பொய். எழுதினவன் நான், ஆகையால் சொல்லுகிற பாத்தியதையும் எனக்கு உண்டு. நமக்கு அரிசி தெரியாது. அரிசியின் பெயர் தெரியும். மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும் படம் தெரியும். கிலோ என்ன விலை என்று தெரியும். பக்கத்து வீட்டில் என்ன அரிசி வாங்குகிறார்கள் என்று நன்றாகவே தெரியும். நாக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் வந்தது. எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் என்னைத் திட்டலாம்.

என் சிநேகிதர் ஒருவருடைய பிள்ளை இத்தாலி தேசத்தில் மிலான் நகரத்தில் வேலை பார்க்கிறான். சென்ற கோடையில் லீவுக்கு வந்திருந்தான். அங்கே பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டோம். தகப்பனார் பக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு சொன்னான். சனிக்கிழமை ராத்திரி நாலைந்து நண்பர்கள் ஒரு வீட்டில் கூடுவார்களாம். ஆளுக்கு ஒரு புட்டி திராட்சை மது கொண்டு வருவார்கள். பிரபலமான சரக்காக இருக்கக் கூடாது. யாரும் அதிகம் கேள்விப்படாத ஊர், அதிகம் கேள்விப்படாத திராட்சையாக இருக்க வேண்டும். புட்டிகளைத் துணிப் பையில் போட்டுக் கழுத்தைக் கட்டி, நம்பர் ஒட்டி வைத்துவிடுவார்கள். பெயர் தெரியாமலே ஒவ்வொன்றையும் சுவைத்து, பிடித்தது எது, பிடிக்காதது எது என்று எழுதின பிறகுதான் பையை அவிழ்ப்பார்கள். நூற்றுக்கணக்கான திராட்சை ஜாதிகள் அந்தத் தேசத்தில் இருக்கின்றனவாம்.

"அவிழ்க்கிற சமயத்தில் பார்க்க வேண்டும் மாமா! மட்டம் என்று எழுதினது பெரிய பெயராக இருக்கும், உசத்தி என்று எழுதினதை எந்தக் கடையிலும் கேட்டிருக்க மாட்டோம்" என்றான்.

மதுவைப் பற்றி எனக்கு அனுபவ ஞானம் கிடையாது. இந்த வயதுக்கு மேல் சம்பாதிக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் பையன் சொன்ன சில சங்கதிகளைப் பிற்பாடு புஸ்தகங்களில் தேடிப் பார்த்தேன். நிஜமாகவே நடந்தவை.

தஸ்கனி மாகாணத்தின் கடலோரத்தில் சாஸிகாயா என்று ஒரு மது தயாரிக்கிறார்கள். அந்த வட்டாரத்துச் சட்டம் அங்கீகரித்த திராட்சையால் செய்ததல்ல என்ற காரணத்தினால், அதைச் சாதாரண 'மேஜை மது' என்ற கடைசிப் படியில்தான் வைத்திருந்தார்கள். 1978-ஆம் வருஷம் லண்டனில் 'டிகேன்டர்' பத்திரிகைக்காரர்கள் பெயரை மறைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். பிரான்ஸ் தேசத்துப் பெரிய பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு முதலில் வந்தது 1972-ஆம் வருஷத்துச் சாஸிகாயா. சட்டம் அதற்குத் தனி இடம் கொடுப்பதற்கு 1994 வரை ஆயிற்று. நாக்கு ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்த உண்மையை ஒப்புக்கொள்ள அரசாங்கக் காகிதத்துக்குப் பதினாறு வருஷம் பிடித்தது.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரத்தில் மது சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் ஐம்பத்து நான்கு பேரிடம் வெள்ளை மதுவைக் கொடுத்தார்கள். அதே வெள்ளை மதுவில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து இன்னொரு கிளாஸிலும் கொடுத்தார்கள். சிவப்பாகத் தெரிந்ததை அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். 2001-இல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. மூக்கும் நாக்கும் சொல்ல வேண்டியதைக் கண் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

இதை நான் விவரித்தபோது எங்கள் மாலைச் சபையில் ஒரே சிரிப்பு. அந்தச் சபையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒருவர் மிராசுதார். ஆறு வேலி நிலம் ஒன்றரை வேலியாகக் குறைந்துவிட்டது. மிராசுதார் என்கிற பட்டம் மட்டும் குறையவில்லை. ஒருவர் வக்கீல். ஒருவர் விவசாய இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் முப்பது வருஷமாக அரிசி மண்டி நடத்துகிறவர். ஐந்தாவது ஆள் நான்.

"சாராயம் குடிக்கிறவனுக்கு நாக்கு எங்கே ஓய் இருக்கும்? அரிசி விஷயத்தில் நம்மை எவன் ஏமாற்ற முடியும்? வீட்டில் பழைய பொன்னி தீர்ந்து புதுசு போட்டால் முதல் கவளத்தில் சொல்லிவிடுவேன் நான்" என்றார் மிராசுதார்.

உள்ளேயிருந்து என் தமக்கையின் குரல் வந்தது: "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுடா எல்லோரையும்."

என் தமக்கைக்கு எழுபத்தெட்டு வயது. பரீட்சையை நடத்தினவள் அவள்தான். நானும் பரீட்சை எழுதினவர்களில் ஒருவன் என்பதால் என்னையே சமையல் உள்ளுக்குள் விடவில்லை. ஏழு அரிசிகளின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி எங்களிடம் கொடுத்தாள்: வெள்ளைப் பொன்னி, ஆந்திராப் பொன்னி என்று கடையில் விற்கும் பி.பி.டி. 5204, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருடன் சம்பா, ரேஷன் அரிசி. எல்லாம் புழுங்கல். சீரகச் சம்பாவைச் சேர்க்கவில்லை. அதன் வாசனை தெருக்கோடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். சிவப்பரிசியின் நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க எங்கள் கண்களைத் துண்டால் கட்டினார்கள். ஒவ்வொரு அரிசியையும் அதற்குரிய நேரம் ஊறவைத்து, அதற்குரிய தண்ணீர் விட்டு, அதற்குரிய பதத்தில் தனித்தனியாக வடித்தாள். மாப்பிள்ளைச் சம்பா முதல் நாள் ராத்திரியே ஊறியது. "ஒரே மாதிரி வடித்தால் அது பரீட்சை இல்லை, கொலை" என்று அவள் சொன்ன வார்த்தையை இங்கே பதிவு செய்கிறேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கவளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாய் வெந்நீர்.

ஆளுக்கு ஏழு விடை. ஐந்து பேருக்கு முப்பத்தைந்து. அதில் சரியாக இருந்தவை எட்டு. சும்மா சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தால்கூடச் சராசரியாக ஐந்து சரியாக வந்திருக்கும். எட்டில் ஐந்து மாப்பிள்ளைச் சம்பாவைச் சேர்ந்தவை; அது தவிடோடு இருந்தபடியால் நாக்கைக் கேட்காமலே பல் கண்டுபிடித்துவிட்டது. ஆக, மற்ற ஆறு கிண்ணங்களுக்கு ஐந்து தஞ்சாவூர்க்காரர்கள் கொடுத்த முப்பது விடைகளில் சரியானவை மூன்று! விவசாய இலாகாக்காரர் இரண்டு, மண்டிக்காரர் ஒன்று. வக்கீலுக்கும், மிராசுதாருக்கும், வடிகஞ்சியை முகர்ந்து பெயர் சொல்லும் கிழவரைப் படைத்த நாவலாசிரியருக்கும் பூஜ்யம்.

இதோடு போகவில்லை. காகிதத்தில் இருந்த கருடன் சம்பாவை என் தமக்கை சமைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரே பானையில் வடித்த வெள்ளைப் பொன்னியை இரண்டாம் நம்பராகவும் ஆறாம் நம்பராகவும் இரண்டு தடவை பரிமாறியிருந்தாள். இரண்டாம் நம்பரைச் சாப்பிட்ட மிராசுதார், "சந்தேகமே இல்லை, ரேஷன்! ஒரு சப்பு வாசனை வருகிறது பார்த்தீரா?" என்றார். ஆறாம் நம்பரைச் சாப்பிட்டுவிட்டு, "தூயமல்லி! ஆஹா, இதுதான் சோறு" என்று தலையை ஆட்டினார். ஒரே பானை, ஒரே கரண்டி! நிஜமான ரேஷன் அரிசி நாலாம் நம்பரில் வந்தது. அதை அவர், "இது நம் வீட்டுப் பொன்னி ஆயிற்றே. ஒரு வருஷப் பழசு" என்று பிரியத்தோடு இரண்டாம் கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் சிரிக்க முடியவில்லை. என் பெரியப்பா பிள்ளை தன் வயலில் விளைத்து அனுப்பிய கிச்சிலிச் சம்பாவை, என் சொந்த ஊர் மண்ணில் விளைந்ததை, நான் ரேஷன் என்று எழுதியிருந்தேன்.

கண்கட்டை அவிழ்த்ததும் சமாதானங்கள் ஆரம்பமாயின. வக்கீல், "பரீட்சையின் விதிமுறை செல்லாது, இல்லாத பெயரைக் காகிதத்தில் எழுதியது மோசடி" என்றார். மோசடிதான். ஆனால் ஒரே சோற்றை இரண்டு தடவை போட்டபோது, 'இது அதேதான்' என்று சொல்லுவதை எந்த விதி தடுத்தது? மிராசுதார் ஜலதோஷம் என்றார். அன்று காலையில்தான் அவர் காவிரியில் தண்ணீர் வந்ததைப் பற்றி அரைமணி நேரம் கணீரென்று பேசியிருந்தார். மண்டிக்காரர் சொன்ன சமாதானம்தான் யோசிக்க வேண்டியது. "கண்ணால் பார்க்காமல் அரிசியை எப்படி சார் சொல்ல முடியும்? உள்ளங்கையில் போட்டுப் பார்க்க வேண்டும், நீளம் பார்க்க வேண்டும், வெளுப்பு பார்க்க வேண்டும்" என்றார்.

நோயே அதுதான் ஐயா! முப்பது வருஷம் அரிசி விற்றவர், அரிசி பார்க்கிற பண்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நாம் வெளுப்பைக் கேட்கிறோம். அவர் வெளுப்பை விற்கிறார். மல்லிகைப்பூ மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஆலைக்காரர் அரிசியைத் தீட்டித் தீட்டித் தவிட்டையெல்லாம் மாட்டுக்கு அனுப்பிவிட்டார். மாடு பாக்கியசாலி. ஜாவாத் தீவில் 1890-களில் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர் தீட்டின அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறி எழுவதையும் கண்டார். பெரிபெரி என்ற வியாதியின் மர்மம் அங்கேதான் அவிழ ஆரம்பித்தது; 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். நம் பாட்டிமார்கள் நோபல் பரிசு வாங்காமலே நெல்லைப் புழுக்கினார்கள். புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நாமோ புழுங்கலையும் பச்சரிசி மாதிரி வெளுப்பாகக் கேட்கிறோம். அந்தப் போர்தோ மாணவர்களுக்குச் சிவப்புச் சாயம் என்ன செய்ததோ அதையே நமக்கு வெள்ளைப் பாலிஷ் செய்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு கட்சிக்காரர்கள் கைதட்டுகிறார்கள் என்று தெரிகிறது. பாரம்பரிய அரிசிக் கட்சிக்காரர்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் வம்சாவளியைப் பார்த்துவிடுவோம். பொன்னி என்பது காவிரித் தாயாரின் பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் சோழர் காலத்து நெல் என்று நெஞ்சு விம்முகிறது. பொன்னியின் பூர்விகம் மலேயாவில் உண்டாக்கிய மசூரி என்ற நெல்; அதன் பெற்றோர் தைவானின் தைச்சுங் 65-உம் மலேயாவின் மாயாங் எபோஸும். நம்முடைய பொன்னி, பிறந்த வீட்டைப் பொறுத்தவரை, கடல் கடந்து வந்த மருமகள். போகட்டும், கிச்சிலிச் சம்பாவாவது நம் முன்னோர் சொத்து என்பீர்கள். ஜி.இ.பி. 24 என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் சர்க்கார் தாவர நிபுணரின் வயலில், கோணாமணி என்ற நெல்லில் தானாக ஏற்பட்ட ஒரு மாறுதலைப் பொறுக்கியெடுத்து 1921-இல் வெளியிட்டார்கள். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் கிச்சிலிச் சம்பா. இன்னும் கேளுங்கள்: நீங்கள் வெறுக்கிற அந்த பி.பி.டி. 5204-இன் முன்னோர்களில் ஒருத்தி இதே ஜி.இ.பி. 24; இன்னொருத்தி மசூரி. ஆக, கிச்சிலிச் சம்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு பி.பி.டி.யைத் திட்டுகிறவர், பாட்டியைக் கும்பிட்டுப் பேரனை வாசலில் நிறுத்துகிறார்.

நான் சொல்ல வருவது இதுதான். 'நவீனம்' என்பதும் பெயர். 'பாரம்பரியம்' என்பதும் பெயர். இரண்டு கட்சியும் மூட்டையைப் பார்த்துப் பேசுகின்றன. இலையைப் பார்த்து யாரும் பேசுகிறதில்லை.

பாரம்பரியக் கட்சியின் பெரிய பிழை வேறு. அவர்கள் சோற்றை மருந்தாக்கிவிட்டார்கள். இது சர்க்கரைக்கு, இது மூட்டுவலிக்கு, இது பிரசவத்துக்கு, இது புருஷ லட்சணத்துக்கு என்று பொட்டலத்தின் முதுகில் ஒரு வைத்தியசாலையே அச்சடித்திருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவைத் தின்று இளவட்டக்கல்லைத் தூக்கின மாப்பிள்ளையின் கதையைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் எந்த அரிசியும் அரிசிதான். அண்டா அளவு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அது கிடக்கட்டும். மருந்து என்று சொல்லி விற்றதை யார் ருசித்துச் சாப்பிடுவார்கள்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மண்டலம் சாப்பிடுவார்கள். குணம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். குணம் தெரிந்தாலும் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது மூட்டை வாங்க வைப்பது ருசி ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் அந்தப் பொட்டலத்தில் ஒரு வரி கிடையாது.

இதில் என்ன குடிமுழுகிப்போகிறது, ஏதோ ஒரு அரிசி, ஏதோ ஒரு சோறு என்று கேட்பீர்கள். குடி முழுகத்தான் போகிறது.

நெல் கல்வெட்டு அல்ல, எடுத்து வைத்தால் ஆயிரம் வருஷம் இருப்பதற்கு. குடியானவன் வீட்டுக் கோட்டையில் கட்டி வைத்த விதை இரண்டு மூன்று வருஷம் விதைக்காமல் கிடந்தால் முளைப்பு போய்விடும். விதைக்கிறவன் இருந்தால்தான் நெல் இருக்கும். வாங்குகிறவன் இருந்தால்தான் விதைக்கிறவன் இருப்பான். பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைக் குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் குளிர் அறையில் இருக்கும் நெல்லை நீங்களும் நானும் பிசைந்து சாப்பிட முடியாது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் கட்டிமேடு என்ற கிராமத்துக்காரர் ஜெயராமன் என்று ஒருவர் இருந்தார். நம்மாழ்வாரின் சீடர். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இப்படியே நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நெல் வகைகளைத் தேடிப் பிடித்து மறுபடி வயலில் இறக்கினார். பெயருக்கு முன்னால் 'நெல்' என்று ஜனங்கள் சேர்த்துக்கொண்டார்கள். 2018 டிசம்பரில், ஐம்பது வயதில் காலமானார். இத்தாலியிலும் இப்படி ஒரு கதை உண்டு. பீட்மாண்ட் வட்டாரத்தில் திமொராஸோ என்ற வெள்ளைத் திராட்சை ஏறக்குறைய அற்றுப்போக இருந்த சமயத்தில், 1980-களில் வால்டர் மாஸா என்ற விவசாயி அதை விடாமல் பயிர் செய்து மீட்டார். கதையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே அவர் மீட்டதை ஜனங்கள் குடித்துப் பார்த்தார்கள், ருசியாக இருந்தது, விலை கொடுத்தார்கள். இங்கே ஜெயராமன் மீட்டதற்கு நாம் விழா எடுத்தோம், மாலை போட்டோம், வீட்டுக்கு வரும் வழியில் மண்டியில் நிறுத்தி வழக்கமான மூட்டையையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

சர்க்கார் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு விவசாயி தூயமல்லியைக் கொண்டு போகிறான் என்று வையுங்கள். அங்கே நெல்லுக்கு இரண்டே பெயர்கள்தான்: சன்ன ரகம், பொது ரகம். மணியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. ருசிக்கு அந்தப் பாரத்தில் பத்தி கிடையாது. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கான டன் நெல்லை நாக்கில் வைத்துப் பார்த்து வாங்க முடியுமா? மேஜை மது என்ற கடைசிப் படியில் சாஸிகாயாவை வைத்த சட்டமும் இந்த மாதிரியானதுதான். சட்டத்துக்கு நாக்கு கிடையாது. ஆகையால் நாக்கு உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரே ஒரு பலமான வாதம் இருக்கிறது. விவசாய இலாகாக்காரர் அதை அன்றைக்கே சொன்னார். இந்தக் கட்டுரை முழுவதற்கும் அவர் பதில் அதுதான். "ருசியைப் பற்றிப் பேசுகிறீரே, அறுபத்தைந்து அறுபத்தாறில் இந்த மாகாணத்தில் அரிசிக்குப் பட்ட பாடு தெரியுமா? ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் நெல்லையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து ஏ.டி.டி. 27 கொண்டு வராமல் இருந்தால், அப்புறம் ஐ.ஆர். 8 வராமல் இருந்தால், ருசி பார்க்க நாக்கு மிஞ்சியிருக்குமா? ஆறு மாதம் வயலில் நின்று, ஆளுயரம் வளர்ந்து, காற்று அடித்ததும் படுத்துக்கொள்கிற நெல்லை நம்பி எவன் கடன் அடைப்பான்?"

இந்த வாதத்துக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். வயிறு நிறைந்த பிறகுதான் நாக்கைப் பற்றிப் பேச முடியும். நம் வயிற்றை நிரப்பினவர்கள் அவர்கள். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறதென்றால் அதற்குப் பின்னால் அந்த விளைச்சல் இருக்கிறது. அந்த அரிசியைக் கண்கட்டோடு சாப்பிட்டபோது மிராசுதார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார் என்பதையும் மறக்க வேண்டாம். ரேஷன் என்று முகம் சுளிப்பதும் பெயரைச் சாப்பிடுகிற காரியம்தான்.

ஆனால் டெல்டா முழுவதையும் குழியடிச்சானும் காட்டுயானமுமாக மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லையே! வேலிக்கு இருபது மா. பத்தொன்பது மாவில் இலாகா சொல்கிறபடி போடட்டும். இருபதாவது மாவில் வேறொன்று போட ஒரு விவசாயிக்குத் துணிவு வர வேண்டுமென்றால், அதை வாங்கப் பட்டணத்தில் யாராவது இருக்க வேண்டும். மாதம் இருபத்தைந்து கிலோ அரிசி வாங்கும் குடும்பம் அதில் ஐந்து கிலோவை, இதுவரை சாப்பிட்டிராத ஒரு நெல்லாக வாங்கட்டும். வாங்கிவிட்டுப் பெயரை மூடிவிட்டுச் சாப்பிடட்டும். பிடிக்கவில்லையா, அடுத்த மாதம் வேறொன்று. பிடித்ததா, அந்தக் குடியானவனிடம் மறுபடி போகட்டும். தயவு செய்து தர்மத்துக்காக வாங்காதீர்கள். தர்மத்துக்கு வாங்கினது மூன்றாம் மாதம் பூச்சி பிடித்து எறும்புக்குப் போகும்.

பரீட்சையின் இரண்டாம் பாகத்தை இன்னும் சொல்லவில்லை. மீந்துபோன ஏழு சோற்றிலும் என் தமக்கை தண்ணீர் ஊற்றி, தனித்தனி மண்சட்டியில் மூடி வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் எல்லோரையும் மறுபடி வரச் சொன்னாள். கொஞ்சம் மோர், சின்ன வெங்காயம், நார்த்தங்காய். மறுபடி கண்கட்டு. இந்தத் தடவை பெயர் கேட்கவில்லை. பிடித்தது எது என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாள் ஐந்து பேரும் 'முரடு' என்று கடைசியில் தள்ளிய மாப்பிள்ளைச் சம்பா, காலையில் நாலு பேருக்கு முதலாவதாக வந்தது. பருக்கை உடையாமல், உள்ளே குளிர்ந்து, மெல்ல மெல்ல ஒரு இனிப்பு. முதல் நாள் மிராசுதார் தலையாட்டிய ஆறாம் நம்பர் குழைந்து அடியில் போய்விட்டது. கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட ஒன்று, ஊறவைத்துச் சாப்பிட ஒன்று, ரசத்துக்கு ஒன்று, புளிக்காய்ச்சலுக்கு ஒன்று என்று அந்தக் காலத்துப் பத்தாயத்தில் நாலு நெல் இருந்ததற்குக் காரணம் சோழர் பெருமையும் இல்லை, மூலிகை வைத்தியமும் இல்லை. நாக்கு இருந்தது, அவ்வளவுதான்.

"எல்லா வேளைக்கும் ஒரே அரிசி என்று எவன் சொன்னானோ, அவன் சமைத்திருக்க மாட்டான்" என்றாள் என் தமக்கை, சட்டிகளை அலம்பிக்கொண்டே.

மிராசுதார் பதினைந்து நாள் சபைக்கு வரவில்லை. கோபம் என்று நினைத்தோம். பதினாறாம் நாள் சாயங்காலம் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். மூடியைத் திறந்தார். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் மங்கல் நிறம், நல்ல வாசனை.

"எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கடலோரத்திலிருந்து விதை வாங்கி வந்து போட்டானாம். தாளடியில் நானும் ஒரு மா போடலாமா என்று பார்க்கிறேன். நீங்களெல்லாம் சாப்பிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

"என்ன நெல் ஓய் இது?" என்று வக்கீல் கேட்டார்.

"சாப்பிடும், அப்புறம் சொல்கிறேன்" என்றார் மிராசுதார்.